ஓர் எழுத்துக்கு ஒரு நடை: கொடைக்கானலில் நாலு வயதுப் பையனோடு

10 ஜூன் 2025 – கேள்வி

மூன்றரை வயது மகள். வத்தலக்குண்டில் இருக்கிறோம். மாதம் இரண்டு முறை பெருமாள்மலையில் அம்மா வீட்டுக்குப் போவோம். போனில் பாட்டுப் பார்த்து அ அம்மா, ஆ ஆடு என்று ஔ வரைக்கும் ஒப்பிக்கிறாள். ஆனால் ரோட்டில் ஓணான் ஓடினால் அது என்ன என்று தெரியவில்லை. ஓர் எழுத்துக்கு ஒரு நாள் வெளியே கூட்டிப்போய், அந்த எழுத்தில் தொடங்குவதைத் தேடலாம் என்று யோசிக்கிறேன். இதெல்லாம் நாலு நாளைக்குத்தான் என்கிறார் வீட்டுக்காரர். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

11 ஜூன் 2025

நாங்கள் பிப்ரவரியிலிருந்து செய்கிறோம், நாலு நாளில் நிற்கவில்லை. வீடு அட்டுவம்பட்டி. பையனுக்கு ஏப்ரலில் நாலு வயது முடிந்தது. எனக்கு ஞாயிறு மட்டும் ஓய்வு, அதனால் ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம். கையில் சிலேட்டும் ஒரு சாக்பீஸும், வேறு எதுவும் எடுப்பதில்லை. கிளம்பும்போது எழுத்தை எழுதிக் கொடுத்துவிடுவேன், அவன் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பான்.

கடையில் வாங்கிய அட்டையில் ஏ ஏணி, ஊ ஊஞ்சல், ஔ ஔவையார் என்று இருக்கும். எங்கள் தெருவில் ஏணியும் கிடையாது, ஊஞ்சலும் கிடையாது. அதனால் அந்த அட்டையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, கண்ணில் பட்டதை மட்டும் சொல் என்று ஆரம்பித்தோம். இதுவரை வந்தவை: அ அணில், ஆ ஆமா, இ இலை, ஈ ஈதான், உ உண்ணிச்செடி, எ எறும்பு. ஊ-வுக்கு ஊமத்தை மாதிரி வேலியோரம் தலைகீழாகத் தொங்குமே நீளமான வெள்ளைப் பூ, அதைக் காட்டலாம், கொடைக்கானலில் எந்தச் சந்திலும் இருக்கும்.

உங்களுக்கு ஒரு வசதி உண்டு. வத்தலக்குண்டு சமவெளி, பெருமாள்மலை நடுமலை. மேலே ஏறினால் நாங்கள். ஒரே எழுத்துக்கு மூன்று இடத்தில் மூன்று சொல் கிடைக்கும்.

11 ஜூன், இரவு

ஒன்று விட்டுப்போனது. அ-வுக்கு முதலில் வந்தது மலையணில். சோலை ஓரத்தில் செம்பழுப்பு முதுகும் பெரிய வாலுமாக மரத்துக்கு மரம் தாவியது. அது ம-வில் வரும் என்று சொன்னேன், "அணில்தானே" என்று விடவில்லை. சரி என்று அணில் ஆயிற்று.

அப்புறம் மே கடைசியில் மழை பெய்த மறுநாள் பெருமாள்மலைக்குக் கீழே ஒரு காபித் தோட்டத்தில் அவன் காலில் அட்டை ஏறியது. அழுவான் என்று பயந்தேன். அவன் அப்படியே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு முனையிலும் ஒட்டும் வாய் மாதிரி இருக்கிறது, ஒரு முனையை ஊன்றி உடம்பை வளைத்து மறு முனையைப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறது, திரும்ப நீட்டுகிறது. உப்புப் போடு, புகையிலை போடு என்று எல்லோரும் சொல்வார்கள். அதெல்லாம் வேண்டாம், நகத்தால் கடிவாய் ஓரத்தில் வழித்துத் தள்ளினால் விட்டுவிடும். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, அதனால் எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் கசியும். கழுவித் துணி வைத்து அழுத்தினால் போதும். அன்றைக்கு முழுக்க வீட்டுத் திண்ணையில் அட்டை நடை நடந்து காட்டினான். எங்கள் அ இப்போது அணிலும் அட்டையும்.

15 ஜூன் 2025

ஆமா என்று ஒரு விலங்கு இல்லை, ஆமையைத்தான் தப்பாக எழுதிவிட்டீர்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமைதான் இங்கே இல்லை. ஆமா என்றால் காட்டுப் பசு. சங்கப் பாடல்களில் மலையைச் சொல்லும் இடங்களில் வரும் பழைய பெயர். நாம் காட்டெருமை என்கிறோமே, அதுதான். எருமை என்று நாம் கூப்பிட்டாலும் அது எருமை இனமே இல்லை, மாட்டு இனம். ஆ என்றால் பசு, மா என்றால் விலங்கு. அந்தக் காலத்தில் பெயர் வைத்தவர்கள் நம்மைவிடச் சரியாகப் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்த நாள் இப்படிப் போனது. "அது என்னம்மா?" "ஆமா." "என்ன ஆமா?" "ஆமாதான்டா." "அதான் என்னன்னு கேக்கறேன்." கடைசியில் மளிகைக் கடைக்காரர் அண்ணன்தான் சிரித்து முடித்து விளக்கினார்.

கடைக்காரர் எங்கே வந்தார் என்றால், நாங்கள் அப்போது அவர் கடைக்குள் நின்றிருந்தோம். காலை ஏழு மணிக்கு ரோட்டில் ஐந்தாறு உருப்படி நடந்து வந்தது, அவர் கையைக் காட்டி உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். பெரிய ஆண் ஒரு டன் எடை வரைக்கும் வரும். சாதுவாக மேய்கிற மாதிரி இருக்கும், திரும்பினால் ஒரு நொடி. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பக்கத்தில் போய்ப் படம் எடுப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. பிள்ளையோடு நடக்கிறவர்கள் தூரத்தில் கறுப்பாகத் தெரிந்தாலே திரும்பிவிடுங்கள். எழுத்து அடுத்த வாரமும் இருக்கும். கடை வாசலிலிருந்தே அவன் நன்றாகப் பார்த்தான், நாலு காலிலும் வெள்ளை சாக்ஸ் போட்டிருக்கு என்றான்.

22 ஜூன் 2025, அவசரமாக

11-ஆம் தேதி நான் எழுதியதில் ஊ-வைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம்.

இன்று காலை அந்த வெள்ளைப் பூவைக் காட்டப் போனோம். கீழே விழுந்து கிடந்தது ஒன்று. நான் சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் அதை எடுத்து வாயில் வைத்து "ஊ" என்று ஊதிவிட்டான். பூ பார்க்க ஊதுகுழல் மாதிரியே இருக்கிறது, எழுத்து ஊ, அவனுக்கு வேறு என்ன தோன்றும். பறித்து எறிந்துவிட்டு வாயைக் கொப்பளிக்க வைத்தேன், கை இரண்டையும் சோப்புப் போட்டுக் கழுவினேன், கண்ணைத் தேய்க்காமல் கையைப் பிடித்துக்கொண்டேன். தெரிந்த மருத்துவருக்குப் போன் செய்தேன். விழுங்கினானா, எவ்வளவு என்று கேட்டார். விழுங்கவில்லை. உடனே கூட்டிவரச் சொல்லிப் பார்த்தார், பிற்பகல் வரைக்கும் அங்கேயே உட்காரவைத்து அனுப்பினார். ஒன்றும் ஆகவில்லை. இப்போது தூங்குகிறான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அது ஊமத்தைக்குச் சொந்தக்காரச் செடி. தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்தது. உருளைக்கிழங்கும் தக்காளியும் இதே குடும்பம். ஆனால் இதில் பூ, இலை, விதை, வேர் எல்லாமே விஷம். உள்ளே போனால் வாய் வறளும், கண்ணின் பாவை விரியும், காய்ச்சல் வரும், நெஞ்சு படபடக்கும், ஆள் தெரியாமல் உளறுவார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற பூ. மாலையில் நல்ல வாசனை வரும். விஷம் என்று தெரியும், ஆனாலும் பூவைத் "தெரிந்த பூ" என்ற கண்ணோடுதான் பார்த்திருக்கிறேன், நாலு வயதுப் பிள்ளை கைக்கு எட்டும் பொருள் என்று பார்க்கவில்லை.

உண்ணிச்செடியும் அப்படித்தான். பூவைப் பார்க்கலாம், மஞ்சளாக விரிந்த பூ நாளாக நாளாக ரோஜா நிறமாக மாறும், மஞ்சளாக இருக்கும் பூவைத்தான் பூச்சிகள் அதிகம் தேடிப்போகும். அதைக் காட்டுவது நல்லதுதான். ஆனால் பச்சைக் காய் விஷம். நாம் சின்ன வயதில் கறுத்த பழத்தைத் தின்றோம் என்று பிள்ளையிடம் கதை சொல்லாதீர்கள், அவர்களுக்குக் கறுப்பு எது பச்சை எது என்று அந்த நேரத்தில் தோன்றாது.

23 ஜூன்

விசாரித்த எல்லோருக்கும் நன்றி. நன்றாக இருக்கிறான். காலையில் எழுந்ததும் "ஊ கெட்டதாம்மா?" என்று கேட்டான். எழுத்து கெட்டதில்லை, அந்தப் பூதான் கெட்டது என்றேன். வேறு ஊ தேட வேண்டும்.

13 ஜூலை 2025

ஊ கிடைத்துவிட்டது. ஊசியிலை.

பைன் காட்டுக்குப் போனோம். சனி ஞாயிறுகளில் அங்கே குதிரையும் சோளக்கதிரும் செல்பியுமாக இருக்கும், அதனால் ஆறரைக்கே போய்விட்டோம். தரை முழுக்கக் காய்ந்த ஊசி, மெத்தை மாதிரி. ஒரு கொத்தை எடுத்துப் பிரித்தால் மூன்று ஊசி. இன்னொரு கொத்து, மூன்று. அவனுக்கு மூன்று வரைக்கும் நன்றாக எண்ண வரும், அதனால் நிறுத்த முடியவில்லை, இருபது முப்பது கொத்தாவது எண்ணியிருப்பான். ஒன்றிரண்டில் நாலு இருந்தது, அதைத் தனியாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"இங்க ஏன்மா யாரும் பேசல?" என்று கேட்டான். யாரும் என்று அவன் சொன்னது பறவைகளை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு சத்தம் இல்லை. மரத்தடியில் ஒரு புதர் இல்லை, ஒரு பூ இல்லை. இந்த பைன், வாட்டில், யூகலிப்டஸ் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. முன்பு பழனி மலையின் உச்சிகளில் புல்வெளி இருந்தது, பள்ளங்களில் மட்டும் சோலை இருந்தது. புல்வெளியைச் சும்மா கிடக்கிற தரிசு என்று நினைத்து மரம் நட்டார்கள். ஆனால் அந்தப் புல்தான் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும். நாலு வயதுப் பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. திரும்பும் வழியில் ஒரு சோலை ஓரமாக வண்டியை நிறுத்தி, கண்ணை மூடிக்கொள், எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று கேள் என்றேன். ஏழு என்றான். அதற்கு மேல் அவனுக்கு எண்ணிக்கை குழம்பும்.

14 ஜூலை

வரிசையாகப் போக வேண்டுமா என்று கேட்டவருக்கு: நான் அப்படித்தான் தொடங்கினேன், பன்னிரண்டு வாரத்தில் பன்னிரண்டு எழுத்து என்று கணக்கும் போட்டேன். விட்டுவிட்டேன். காலில் அட்டை ஏறியதும் அ-வுக்குத் திரும்பினோம், ஊ-வில் ஐந்து வாரம் நின்றோம். எது முதலில் கண்ணில் படுகிறதோ அதன் எழுத்து அன்றைக்கு. சில நாள் சிலேட்டை வீட்டிலிருந்து வெறுமையாகவே கொண்டுபோய், ஏதாவது கிடைத்த பிறகு எழுதுகிறோம். முன்பு எழுத்தைச் சொல்லிக்கொடுக்கக் காட்டைப் பயன்படுத்தினேன். இப்போது காட்டை நின்று பார்க்க எழுத்து ஒரு சாக்கு.

இன்னொன்று, கீழே விழுந்ததை மட்டும் தொடுவது, அதையும் என்னிடம் கேட்டுவிட்டுத் தொடுவது. இது ஜூன் 22-க்குப் பிறகு வந்த சட்டம். காட்டுக்குள்ளிருந்து எதையும் வீட்டுக்குக் கொண்டுவருவதும் இல்லை. கொடைக்கானலைச் சுற்றியுள்ள காடு 2013-லிருந்து வனவிலங்கு சரணாலயம். நாலு ஊசிக் கொத்தை மட்டும் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தோம், அதற்கு ஒரு ஞாயிறு ஆயிற்று, அழுகையும் ஆயிற்று.

3 ஆகஸ்ட் 2025

ஐ. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

ஐ-யில் தொடங்கும் மரமோ விலங்கோ இங்கே எங்கள் கண்ணில் படவில்லை. ஐவனம் என்று மலைநெல்லுக்கு ஒரு பழம்பெயர் உண்டு, ஆனால் நெல்லைக் காட்ட நான் எங்கே போவேன். அத்தைதான் வழி சொன்னார். அத்தை என்றால் மாமியார், அவனுக்கு அப்பத்தா, பூம்பாறைக்காரர். "ஐந்து ஐந்தா இருக்கறத தேடச் சொல்லு" என்றார்.

உருளைக்கிழங்குக் காட்டில் பூ பூத்திருந்தது. முனை எண்ணினான், ஐந்து. பக்கத்து வீட்டு வேலியில் இருந்த காசித்தும்பையை எண்ணிக் குழம்பிப்போய்விட்டான், அது கணக்குக்கு ஒத்துவராத பூ. பூசணிப் பூ, ஐந்து. கை விரல், ஐந்து. அப்புறம் இது பேரிக்காய் சீசன். வீட்டுக்கு வந்து அத்தை ஒரு பேரிக்காயை நெடுக்காக வெட்டாமல் குறுக்கே வெட்டினார். நடுவில் நட்சத்திரம். ஐந்து அறை, அறைக்குள் விதை. ஆப்பிளிலும் இதே ஐந்துதான். நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்து எத்தனை மூட்டை பேரிக்காய் தின்றிருப்பேன், ஒரு நாளும் குறுக்கே வெட்டிப் பார்த்ததில்லை.

அன்றைக்கு வீட்டில் இருந்த பேரிக்காய் மொத்தமும் குறுக்கே வெட்டப்பட்டது.

4 ஆகஸ்ட்

இ-க்கு இலை ரொம்பச் சாதாரணம், வேறு இல்லையா என்று ஒருவர் கேட்டார். இங்கே உள்ள பிள்ளைகளுக்கு இ என்றால் இ-பாஸ். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7-லிருந்து வெளியூர் வண்டிக்கு வாங்கவேண்டியிருக்கிறது, மேலே வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் போனில் கேட்கும் முதல் கேள்வி அதுதான். இவனும் சொன்னான். ஒத்துக்கொண்டு சிலேட்டில் எழுதினேன், பிறகு இலையும் தேடினோம்.

21 செப்டம்பர் 2025

ஏ என்றால் ஏரி என்று நான் முடிவுசெய்து கூட்டிப்போனேன், அவன் பஸ் இறங்கியதும் "ஏழுரோடு" என்றான். உண்மைதான், ஊரின் நடுவில் அந்தப் பெயரில் ஒரு சந்திப்பு இருக்கிறது. இரண்டையும் எழுதினோம்.

ஏரிக்கரையில் நடக்கும்போது இதை யாரோ கட்டினார்கள் என்று சொன்னேன், நம்பவே இல்லை. சதுப்பாகக் கிடந்த இடத்துக்கு 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்பவர் கரை போட்டு ஓடைகளைத் தேக்கினார், அதற்கு முன்பு இங்கே ஏரி கிடையாது. "அப்ப தண்ணி எங்க இருந்துச்சு?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பதிலாக ஏரிக்குள் வந்து சேரும் ஓடை ஒன்றைத் தேடிப் பிடித்து அதன் ஓரமாகவே கொஞ்ச தூரம் மேலே நடந்தோம். வீட்டுச் சாக்கடை கலக்கும் இடம் வரை போக முடிந்தது. அதையும் பார்த்தான். மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓ-வுக்கு ஓடை அன்றைக்கே கிடைத்துவிட்டது, ஆனால் நான் காட்ட நினைத்த ஓடை அது இல்லை.

19 அக்டோபர் 2025

மழை. நமக்கு வடகிழக்குப் பருவம்தான் பெரிய மழை, ஞாயிறு தோறும் வெளியே போக முடியாது. மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டவருக்கு: ஒ-வை மழைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒலி.

திண்ணையில் போர்வைக்குள் இரண்டு பேரும் உட்காருவோம். தகரத்தில் மழை ஒரு ஒலி, வாழையிலையில் வேறு ஒலி. விடிவதற்கு முன்னால் ஓடைப் பக்கத்திலிருந்து சீகாரப் பூங்குருவி பாடும். வேலை வெட்டி இல்லாத பையன் சீட்டி அடித்துக்கொண்டு போவது போலவே இருக்கும், ராகம் தொடங்கும், எங்கேயோ போகும், முடியாது. அவன் அதற்கு எதிர்ச்சீட்டி அடிக்கப் பார்க்கிறான், வெறும் காற்றுதான் வருகிறது. வெளிச்சம் வந்த பிறகு புதருக்குள் சிரிப்பான் கூட்டம் சிரிக்கும். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள உயரமான மலைகளில் மட்டும் இருக்கும் பறவை அது, உலகத்தில் வேறு எங்கும் இல்லை. அவனுக்கு அது பக்கத்து வீட்டு ஆள் மாதிரி.

ஒ-வுக்கு ஒட்டுவதும் உண்டு. புல்லுக்குள் போய்வந்தால் ஸ்வெட்டரில் இரண்டு கொம்பு வைத்த கறுப்பு ஊசி விதை ஒட்டிக்கொண்டு வருமே, அதை ஒவ்வொன்றாக எடுத்து வாசலில் போட்டான். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் போட்டுவிட்டான். இனி முளைக்கும்.

16 நவம்பர் 2025

ஔ பற்றி இங்கே நடந்த சண்டையை எல்லாம் படித்தேன். ஔடதம் பேச்சில் இல்லாத சொல் என்பவர்களும் சரி, ஔவையாரை எங்கே போய்க் காட்டுவது என்பவர்களும் சரி. நாங்கள் செய்தது இதுதான். ஔவை என்றால் மூத்த பெண் என்றும் பொருள். எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார். அவரோடு பூம்பாறைக்குப் போனோம், இங்கிருந்து 20 கிலோமீட்டர் போல.

அத்தை அவர் அண்ணன் காட்டுப் படிக்கட்டு வயலில் அவனை நடக்கவைத்து ஒவ்வொரு செடியாகப் பெயர் சொல்லிக்கொண்டே போனார். எனக்குப் பாதிப் பெயர் புதிது. பூண்டு அறுத்துக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பல்லை நசுக்கி அவன் மூக்கில் வைத்து "இதாண்டா ஔடதம், சளிக்கு, வாயுவுக்கு, எல்லாத்துக்கும்" என்றார். கண்ணில் தண்ணீர் வந்தது அவனுக்கு. ஔ மறக்காது.

திரும்பி வரும்போது குறிஞ்சி எப்போ பூக்கும் என்று கேட்டான், எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறான். கடைசியாக 2018, அவன் பிறக்கவில்லை. அடுத்தது 2030, ஒன்பது வயது ஆகியிருக்கும். பன்னிரண்டு ஆண்டு, பன்னிரண்டு உயிரெழுத்து, ஆண்டுக்கு ஒன்றாக இந்த இழையை ஓட்டலாம் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அத்தை 1994-ல் மலை முழுக்க நீலமாகப் பார்த்ததைச் சொன்னார், பஸ்ஸில் முன்சீட்டில் இருந்தவர்கள்கூடத் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள்.

4 ஜனவரி 2026

கேள்வி கேட்டவர் மகளுக்கு ஓணான் தெரிந்துவிட்டது என்று எழுதியிருப்பதைப் படித்து ரொம்ப மகிழ்ச்சி. வீட்டுக்காரரும் கூட வருகிறார் என்பது அதைவிட.

எங்களுக்கு ஃ மட்டும் பாக்கி இருந்தது. அதில் தொடங்கும் சொல்லை எங்கே தேடுவது, விட்டுவிடலாம் என்று அவனிடமே சொல்லிவிட்டேன். இன்று காலை கேரட் பாத்தி ஓரத்தில் நான் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். "அம்மா பிடுங்காத, அக்கன்னா!" என்று கத்தினான். என் கையில் புளியாரை. மூன்று இலை, மேலே ஒன்று, கீழே இரண்டு. காம்பைத் திருப்பிப் பிடித்தால் ஃ. அது முளைத்திருந்த இடம் முழுக்க நூறு நூறாக ஃ. நான் சொல்லில் தேடினேன், அவன் வடிவத்தில் தேடியிருக்கிறான்.

ஒரு இலையைக் கழுவி அத்தை நாக்கில் வைத்தார், புளிப்பு. மீதியைத் துவையலுக்கு எடுத்துக்கொண்டார்.

4 ஜனவரி, இரவு

சாப்பிட்ட பிறகு அக்கன்னா இருக்கா பார்க்கணும் என்று பிடிவாதம். நல்ல பனி. காட்டெருமை எதுவும் நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்டு டார்ச் அடித்து வீட்டோரப் பாத்திக்குப் போனோம். புளியாரை இலைகள் மூன்றும் குடை மாதிரி கீழே மடிந்து காம்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. இருட்டினால் அது அப்படி மடியும், வெளிச்சம் வந்தால் விரியும். டார்ச்சை அணைக்கச் சொன்னான். மெதுவாகப் பேசச் சொன்னான். காலையில் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் எழுப்பிவிட வேண்டுமாம், அவனை இல்லை, ஃ விழிப்பதைப் பார்க்க என்னை.